ஹூக்ளிக் கரையில் பொடுகு

கல்கத்தாவை விட்டுக் கடலுக்குப் போகிற கப்பல் கார்டன் ரீச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்ட வீடு கட்டிக்கொண்ட ஆற்றங்கரை இது. எதிர்க்கரையான சிப்பூரில் ராபர்ட் கைட் 1787இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இன்றும் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்த தோட்டங்கள் போய்ப் பட்டறைகள் வந்தன: கப்பல் கட்டும் தளம், பருத்தி ஆலை, வங்காள நாக்பூர் ரயில்வேயின் தலைமை அலுவலகம். 1934இல் லீவர் பிரதர்ஸ் கம்பெனி, நார்த் வெஸ்ட் சோப் கம்பெனி என்ற நிறுவனத்தின் ஆலையை இங்கே வாடகைக்கு எடுத்து, விரிவாக்கி, தன் சோப்புகளைச் செய்யத் தொடங்கியது. 1939இல் ஆலையை முழுக்கவே விலைக்கு வாங்கிக்கொண்டது.

இங்கிலாந்தில் செய்த சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்திறங்கியது 1888இல். உடம்புக்கும் துணிக்கும் வந்த சோப்பைத் தலைக்கும் போட்டுப் பார்த்தவர்கள் நம் நாட்டில் உண்டு. போட்டதும் முடி வறண்டு விறைக்கும். அதற்கு மருந்தாக எண்ணெய் வைப்பார்கள். இரண்டு நாளில் சட்டைத் தோளில் வெள்ளைத் தூள் விழும். இந்தத் தூள் என்ன, எங்கிருந்து வருகிறது, ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்ற கேள்விக்கு, கார்டன் ரீச்சில் லீவர் சோப்பு காய்ச்சத் தொடங்குவதற்கு ஏழு ஆண்டு முன்பே, அதே நகரத்தில் இரண்டு மருத்துவர்கள் பதில் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் சரியான பதில். அதை உலகம் ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த மருத்துவர்களுக்கு முன்னால் எண்ணெய்க்காரர்களைப் பார்த்துவிட வேண்டும். வங்காளத்தில் தலைமுடி என்றால் முதலில் எண்ணெய்தான்.

1856இல் ஆங்கிலேயரால் பதவி பறிக்கப்பட்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா, கார்டன் ரீச்சை ஒட்டிய மேட்டியாபுருஸில் வந்து தங்கினார். 1887இல் இறக்கும்வரை அங்கே ஒரு சின்ன லக்னோவையே நடத்தினார். சமையல்காரர்கள், தையல்காரர்கள், பாடகர்கள், பட்டம் செய்பவர்கள் என்று ஒரு கூட்டமே அவரைச் சுற்றிக் குடியேறியது. மேட்டியாபுருஸின் தையல் தொழில் இன்றுவரை பெயர் பெற்றது. வாசனைத் தைலமும் அத்தரும் அந்த லக்னோ வாழ்க்கையின் அன்றாடம். தலையை எண்ணெய் விட்டு அமுக்கிப் பிடித்துவிடும் கலை அதற்கும் பழையது. பாட்னாவில் 1759இல் பிறந்து, கம்பெனியின் வங்காளப் படையில் இருந்து, பிறகு அயர்லாந்துக்குப் போன சேக் தீன் முகமது, பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலோடு உடல் பிடித்துவிடும் நிலையம் ஒன்றை நடத்தி அரச குடும்பத்தாரையே வாடிக்கையாளர்களாக்கினார். அவர் அங்கே ஷாம்பூ என்ற பெயரில் செய்தது முடி கழுவுவதல்ல, உடம்பைப் பிடித்துவிடுவதுதான்.

எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பெயர் சூட்டி விற்கும் வியாபாரம் கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் சூடு பிடித்தது. கவிராஜ் குடும்பத்துச் சி.கே. சென்னின் ஜவாகுசும் தைலம் 1878இலேயே வந்துவிட்டது. ஹேமேந்திர மோகன் போஸின் குந்தலீன் இன்னும் ஒரு படி மேலே போனது. 1896இல் போஸ் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். நிபந்தனை எளிது: கதையில் எங்கேயாவது தலை எண்ணெய் வர வேண்டும், ஆனால் விளம்பரம் போலத் தெரியக் கூடாது. பரிசை வென்ற கதையில் பெரும் புயல் ஒன்று வங்கக் கடலிலிருந்து கல்கத்தாவை நோக்கி வருகிறது, வானிலைக்காரர்கள் எச்சரிக்கிறார்கள், ஆனால் புயல் திடீரென்று காணாமல் போகிறது. காரணம், காய்ச்சலில் முடி உதிர்ந்து இலங்கைக்குக் கப்பல் ஏறிய ஒரு மனிதர், தன்னிடமிருந்த தலை எண்ணெய்ப் புட்டியை அலைகளில் எறிந்துவிட்டார். எண்ணெய் பரவி அலை அடங்கிற்று. கதையை எழுதியவர் இயற்பியலாளர் ஜகதீச சந்திர போஸ். வங்க மொழியின் முதல் அறிவியல் புனைகதைகளில் ஒன்று தலை எண்ணெயால் பிறந்தது என்பதை வங்காளிகள் இன்னும் ரசித்துச் சொல்வார்கள்.

பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸும் தலைமுடித் தைலம் விற்றது. நிறுவனம் எதுவானாலும், வேதியியல் எவ்வளவு தெரிந்திருந்தாலும், தலையில் செதிள் கண்டால் ‘வறண்டுபோச்சு, எண்ணெய் வை’ என்பதுதான் பொது அறிவு. தமிழ்நாட்டிலும் அதுவே. சித்த மருத்துவர்கள் பொடுதலைக் கீரையின் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பொடுதலைத் தைலம் என்று கொடுத்தார்கள். ஆயுர்வேதத்தில் இந்த நோய்க்குத் தாருணகம் என்று பெயர். சுஸ்ருதர் இதைச் சிறு நோய்களின் வரிசையில் சேர்த்தார், வாக்படரோ மண்டை நோய்களில் வைத்தார். இரண்டு பேருக்குமே அரிப்பும் செதிளும் தெரிந்திருந்தன. செதிளுக்குள் உயிர் ஒன்று இருப்பது தெரிய நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

அது வந்த கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. தேமல் உள்ள தோலில் பூஞ்சை இருப்பதை 1846இல் ஐக்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் கண்டார். 1874இல் பாரிஸில் லூயி மலசே, பொடுகுச் செதிளை நுண்ணோக்கியில் வைத்து, உருண்டையும் முட்டை வடிவமுமான, மொட்டு விட்டுப் பெருகும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். 1889இல் பையோன் என்ற தாவரவியலாளர் அவரைச் சிறப்பிக்க அந்தப் பூஞ்சை இனத்துக்கு மலசீசியா என்று பெயர் வைத்தார். 1904இல் சபூரோ என்ற பெரும் தோல் மருத்துவர் அதே உயிருக்கு இன்னொரு பெயர் வைத்தார். தேமலில் இருப்பது ஒன்று, பொடுகில் இருப்பது வேறு என்று அவர் நம்பினார்.

இங்கே நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நுழைகிறார். இத்தாலியரான ஆல்டோ காஸ்டெல்லானி 1903 முதல் பத்து ஆண்டுக்கு மேல் கொழும்பில் பாக்டீரியவியல் ஆய்வாளராகவும் மருத்துவராகவும் வேலை பார்த்தார். இலங்கையின் புழுக்கமும் வியர்வையும் தோல் பூஞ்சைகளைத் தேடி வந்தவருக்குப் பெரிய சுரங்கம். இன்று உலகெங்கும் படர்தாமரைக்குக் காரணமாக அறியப்படும் ஒரு முக்கியப் பூஞ்சையை 1910இல் முதலில் விவரித்தவர் அவர்தான். கொழும்பு மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட் சால்மர்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கையேட்டின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பில், பொடுகுப் பூஞ்சைக்கு அவர்கள் வைத்த பெயர் அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பாடநூல்களில் நிலைத்தது.

பிறகு கல்கத்தா. மலேரியா கொசுவால் பரவுவதை ரொனால்ட் ராஸ் துலக்கிய நகரம். கறுப்புக் காய்ச்சலுக்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்டுபிடித்த நகரம். லெனார்ட் ரோஜர்ஸின் விடா முயற்சியால் அங்கே எழுந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, 1920களின் தொடக்கத்தில் பாடமும் ஆராய்ச்சியும் தொடங்கியது. மலேரியா, காலரா, தொழுநோய் என்று பெரிய பெயர்கள் நடுவே, அந்தப் பள்ளியில் சாதாரணத் தோல் நோய்களும் கவனம் பெற்றன. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஹ்யூ ஆக்டனும், அவரோடு வேலை செய்த வங்காளி மருத்துவர் கணபதி பாஞ்ஜாவும் அந்த வேலைக்குச் சொந்தக்காரர்கள். நவீன இந்தியத் தோல் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராக பாஞ்ஜாவை இன்றும் அந்தத் துறையினர் குறிப்பிடுகிறார்கள்.

1927இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’ இதழில் ஆக்டனும் பாஞ்ஜாவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலையிலும் முகத்திலும் எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் வரும் சிவப்பும் செதிளும் மலசீசியா பூஞ்சையால் வருவது என்பது அதன் வாதம். தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு கல்கத்தாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் ஏழாவது மாநாட்டில், தோலின் மலசீசியாக்களை வளர்ப்பது, அவற்றின் வடிவம், இனங்கள் ஆகியவை பற்றி பாஞ்ஜா தனியாகக் கட்டுரை படித்தார். சபூரோவும் காஸ்டெல்லானியும் வேறு பெயரில் வைத்திருந்த பொடுகுப் பூஞ்சையைத் தேமல் பூஞ்சையோடு ஒரே குடும்பத்தில் சேர்த்தவர் அவர். இன்றைய வகைப்பாடும் அப்படித்தான் இருக்கிறது.

இது எவ்வளவு துணிச்சலான வேலை என்று புரிய, அந்தப் பூஞ்சையின் சுபாவம் தெரிய வேண்டும். சாதாரணமாகப் பூஞ்சைகளை வளர்க்கும் சர்க்கரைக் கூழில் இது சரியாக வளராது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் வளர்க்க முடியாமல் திணறியதால்தான், வளராத ஒன்றை எப்படி நோய்க்குக் காரணம் என்று சொல்வது என்ற சந்தேகம் நீண்டது. இதற்குக் கொழுப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும் என்பதை நியூயார்க்கில் ரோடா பென்ஹாம் 1939 வாக்கில்தான் தெளிவாக நிறுவினார். தலையில் சுரக்கும் எண்ணெய்தான் அதன் சோறு.

பாஞ்ஜா சொன்னது அப்போதே நிலைத்திருக்க வேண்டும். நிலைக்கவில்லை. பொடுகு இல்லாத தலையிலும் அதே பூஞ்சை இருக்கிறதே என்ற கேள்வி குறுக்கே நின்றது. 1976இல் பென்சில்வேனியாவின் ஆல்பர்ட் கிளிக்மனும் சகாக்களும், தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதால்தான் பொடுகு வருகிறது, பூஞ்சை அங்கே வெறும் விருந்தாளி என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னது பல ஆண்டு செல்லுபடியாயிற்று. 1980களில் கெட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வந்த பிறகுதான் தராசு சாய்ந்தது. பூஞ்சையைக் கொல்வதைத் தவிர வேறு பெரிய வேலை செய்யாத அந்த மருந்து பொடுகையும் குறைத்தது. 1984இல் இங்கிலாந்தின் சாம் ஷஸ்டர், பூஞ்சைதான் காரணம் என்று அடித்து எழுதினார். 1996இல் மலசீசியாவைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். 2007இல் பொடுகுத் தலைகளில் அதிகம் காணப்படும் இனங்களில் ஒன்றான மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுப்பைப் படித்துப் பார்த்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளும் மரபணு அதனிடம் இல்லை என்பது தெரிந்தது. அது வாழ வேண்டுமானால் மனிதத் தோலின் எண்ணெயைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே இன்றைய விளக்கம் கிளிக்மனுக்கும் கொஞ்சம் இடம் தருகிறது. பூஞ்சை எல்லார் தலையிலும் இருக்கிறது. அது தலை எண்ணெயை உடைத்து ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களை மிச்சம் வைக்கிறது. சிலருடைய தோல் அதைத் தாங்கும், சிலருடையது தாங்காது. தாங்காத தோல் வீங்கி, செல்களை அவசரமாக உற்பத்தி செய்து, ஒட்டிய கொத்தாக உதிர்க்கிறது. உலகில் ஏறக்குறைய பாதிப் பெரியவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது இது வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பி விழித்துக்கொள்ளும்போது தொடங்குவதும், குளிர் மாதங்களில் கூடுவதும், மன உளைச்சலில் முளைப்பதும் இதன் குணம்.

பொடுகைப் போலவே பிற நோய்களும் அதே வெள்ளைத் தூளைத் தூவும் என்பதுதான் வைத்தியர்களை வழிதவற வைத்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவைப் பேராசிரியராக இருந்த ஜோசப் ஃபேரரின் கதை அதற்கு நல்ல சான்று. கோவாப் பொடி என்று ஒரு மஞ்சள் பொடி இந்தியத் துறைமுகங்களில் படர்தாமரைக்கு விற்கப்பட்டது. பிரேசிலில் உள்ள ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுத்து, போர்ச்சுக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த பொருள் அது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஃபேரர் 1874இல் இலண்டன் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். சில ஆண்டுக்குள், அந்தப் பொடி படர்தாமரையைவிட சோரியாசிஸுக்கு நன்றாக வேலை செய்வதைப் பால்மன்னோ ஸ்குவயர் என்ற ஆங்கிலேயர் தெரிந்துகொண்டார். இரண்டு நோயும் வட்டமாகச் செதிள் விடும். எது எது என்று கண்ணால் பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. முதல் உலகப் போரில் பொடி கிடைக்காமல் போனபோது ஜெர்மானியர்கள் 1916இல் செயற்கையாக ஒரு மாற்றைச் செய்தார்கள். டித்ரனால் என்ற அந்த மருந்து இன்றும் சோரியாசிஸுக்குப் பயன்படுகிறது.

சோரியாசிஸ் தலையில் வந்தால் எப்படி அடையாளம் காண்பது? செதிள் தடிப்பாக, வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் சிவந்த திட்டு, ஓரம் தெளிவாகத் தெரியும். முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் பிடரிக்கும் இறங்கும். பொடுகுக்காரருக்கு அப்படியில்லை, எண்ணெய்ப் பசையோடு மஞ்சளாகவோ, காய்ந்து சிறு தூளாகவோ உதிரும், மூக்கோரம், புருவம், காதுமடல் ஓரம் என்று எண்ணெய் சுரக்கும் இடங்களில் கூடவே சிவக்கும். முழங்கை, முழங்கால், நகங்களையும் பார்க்க வேண்டும். நகத்தில் ஊசி குத்தியது போல் சிறு குழிகள் இருந்தால் சந்தேகம் சோரியாசிஸ் பக்கம் சாயும். சித்தர் மரபில் காளாஞ்சகப்படை என்று இதற்குத் தனிப் பெயர் உண்டு. வெட்பாலை இலையை எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்த ஊதா நிறத் தைலம் இதற்கென்றே நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. பொடுகுக்கு ஒன்று, படைக்கு ஒன்று என்று தைலத்தைப் பிரித்து வைத்த அந்த மரபை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நவீன மருத்துவத்தில் செதிளை இளக்க சாலிசிலிக் அமிலம், பிறகு ஸ்டீராய்டு களிம்போ திரவமோ, வைட்டமின் டி சார்ந்த கால்சிபோட்ரையால், நிலக்கரித் தார் ஷாம்பூ என்று படிப்படியாகப் போவார்கள். இது தொற்று நோயல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னாவின் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை இதைத் தொழுநோயோடு குழப்பி, நோயாளிகளை ஊரை விட்டு ஒதுக்கிய கொடுமை நடந்தது.

குழந்தைகளிடம் கதை வேறு. பள்ளிக்கூடப் பிள்ளையின் தலையில் ஒரு திட்டில் மட்டும் செதிளும், அங்கே முடி முறிந்து கறுப்புப் புள்ளி போல நிற்பதும் தெரிந்தால், அதைப் பொடுகென்று சொல்லி ஷாம்பூ வாங்கக் கூடாது. அது தலையில் வரும் படர்தாமரை. இந்தியாவில் இதற்கு அதிகம் காரணமாவது டிரைக்கோஃபைட்டான் வயலேசியம் என்ற பூஞ்சை. முடியின் உள்ளேயே குடியிருப்பதால் மேலே பூசும் எதுவும் போதாது. சபூரோ காலத்தில் இதற்கு எக்ஸ் கதிரைக் காட்டி முடியை மொத்தமாக உதிர்த்தார்கள். இப்படிக் கதிர் பட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றின் கறுப்புப் பக்கங்களில் ஒன்று. 1958இல் கிரிசியோஃபல்வின் என்ற மாத்திரை வாய் வழியாகக் கொடுத்தாலே பூஞ்சையை அடக்கும் என்று நிரூபணமானதும் அந்தக் கதிர் வைத்தியம் ஓய்ந்தது. இன்று கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினஃபின் மாத்திரை வாரக் கணக்கில், மருத்துவர் சொன்னபடி. வீட்டில் ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே தொப்பி பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். பூனை, நாய்க்குட்டியிடமிருந்தும் தலைப் படர்தாமரை தொற்றலாம்.

பேனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஈர் முடியில் ஒட்டியிருக்கும், தட்டினால் விழாது. பொடுகு தட்டினால் விழும். பேன் சீப்பும் பெர்மெத்ரின் திரவமும் போதும், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் செய்தால்.

இன்னொரு காரணம் இப்போது அதிகமாகி வருகிறது. நரைக்குச் சாயம் போடும் பழக்கம் ஊரெங்கும் பரவிவிட்டது. பல சாயங்களில் உள்ள பாரா ஃபினிலின் டையமீன் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. சாயம் போட்ட ஓரிரு நாளில் தலை எரிந்து, காது மடலும் கண் இமையும் வீங்கி, நீர் கசிந்து, பிறகு காய்ந்து செதிளாக உதிரும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதிலும் இதே பொருள் கலந்திருப்பது உண்டு. அந்தச் சாயத்தை நிறுத்துவதுதான் முதல் மருந்து. ஒருமுறை இப்படி ஆனவர் மறுபடி போட்டால் முன்பைவிடக் கடுமையாக வரும்.

இனி மறுபடி கார்டன் ரீச் சோப்புக்காரர்களிடம் வரலாம். லீவர் பிரதர்ஸ் உட்பட மூன்று கம்பெனிகள் ஒன்றாகி 1956இல் ஹிந்துஸ்தான் லீவர் ஆயின. சன்சில்க் ஷாம்பூவை இந்தக் கம்பெனி 1964இல் இறக்கியது, கிளினிக் ஷாம்பூவை 1971இல். அதுவரை ஷாம்பூ என்பது பணக்கார வீட்டுக் குளியலறைப் பொருள். மற்றவர்களுக்குச் சீயக்காய், அரப்பு, வங்காளத்தில் ரீட்டா எனப்படும் பூந்திக்கொட்டை. புட்டியை உடைத்துப் பொட்டலமாக்கியது நம்ம ஊர். கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் தூள் சரக்குகளைச் சிறு பொட்டலத்தில் போட்டு ஏழைக்கும் எட்டும் விலையில் விற்றுப் பார்த்தவர். அவருடைய பிள்ளைகள் அந்த யோசனையை ஷாம்பூவில் கொண்டுவந்தார்கள். வெல்வெட் சாஷே அப்படி வந்தது. அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகப் பிரிந்து சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பெட்டிக்கடைத் தோரணமாக ஷாம்பூ தொங்க ஆரம்பித்த பிறகு, பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று.

பொடுகுக்கான ஷாம்பூ தனிக் கதை. அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் செலீனியம் சல்ஃபைடு வந்தது. 1961இல் துத்தநாகப் பைரிதியான் கலந்த ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் வந்தது. இரண்டும் பூஞ்சையை அடக்குவதால் வேலை செய்தன. ஆனால் அவற்றை விற்றவர்களே அன்று அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் பூஞ்சைதான் காரணம் என்பது அப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தல்ல. மருந்து சரியாக இருந்தது, காரணம் விளங்கவில்லை. கல்கத்தாவின் 1927 இதழை யாராவது புரட்டியிருந்தால் விளங்கியிருக்கும். துத்தநாகப் பைரிதியானை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் தடை செய்தது. இந்தியாவில் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

பொடுகுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கெட்டோகோனசோல், துத்தநாகப் பைரிதியான், செலீனியம் சல்ஃபைடு இவற்றில் ஏதாவது ஒன்றுள்ள ஷாம்பூவை வாரம் இருமுறை போட வேண்டும். முடியில் அல்ல, தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். பெரும்பாலோர் தவறும் இடம் இதுதான். நுரை வந்ததும் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், மருந்துக்குப் பூஞ்சையைத் தொட நேரமே கிடைப்பதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் பார்க்க வேண்டும். அடங்கியதும் நிறுத்திவிடாமல் வாரம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். பூஞ்சை அழிவதில்லை, அடங்கியிருக்கும். கை விட்டால் திரும்பி வரும். அதனால்தான் ‘நிரந்தரத் தீர்வு’ என்று அச்சிட்ட புட்டி எதையும் நம்ப வேண்டாம்.

எண்ணெய்? இதில் வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வராமல் இருக்காது. பொடுகு இருக்கும்போது தலையில் எண்ணெய் வைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். எண்ணெய் செதிளைத் தலையோடு ஒட்டவைத்து மறைக்கும், அதனால் சரியானது போல ஒரு மயக்கம் வரும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கத்தை விட முடியாதவர்கள், குளிப்பதற்குச் சற்று முன்பு வைத்து, அதே குளியலில் முழுக்க அலசிவிடலாம். கைக்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் பொருக்குக் கட்டுவதற்கு மட்டும் பாட்டிமார் செய்வது சரி: தேங்காயெண்ணெய் தடவிப் பொருக்கு இளகியதும், மெல்லிய சீப்பால் வாரி, மிதமான குழந்தைச் சோப்பால் கழுவிவிடுவது. சில மாதத்தில் தானே போய்விடும். சோரியாசிஸிலும் தடித்த செதிளை இளக்க எண்ணெய் உதவும். ஆக எண்ணெய் எல்லா இடத்திலும் தப்பல்ல. எந்தச் செதிள் என்று தெரியாமல் வைப்பதுதான் தப்பு.

உண்மையிலேயே வறண்ட தலையும் உண்டு. அடிக்கடி வெந்நீர், காட்டமான சோப்பு, குளிர்காற்று இவற்றால் வருவது. தூள் சிறிதாக, காய்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்கும்; கை கால் தோலும் சேர்ந்து வறண்டிருக்கும்; சிவப்பு இராது. இப்படிப்பட்டவர்களுக்குப் பூஞ்சை ஷாம்பூ தேவையில்லை. கழுவுவதைக் குறைத்து, மிதமான ஷாம்பூவுக்கு மாறினாலே போதும்.

கடைசியாக, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்பவை. படர்தாமரைக்கு இவற்றைப் போட்டால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். பிறகு எந்த மருத்துவர் பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமப்படும் உருவத்துக்கு மாறிவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டு குரல் கொடுத்த பின், 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன.

பூஞ்சை ஷாம்பூவை நான்கு வாரம் முறையாகப் போட்டும் குறையாவிட்டால், முடி திட்டுத் திட்டாகக் கொட்டினால், சீழோ வீங்கிய கட்டியோ தெரிந்தால், முகமும் மார்பும் சேர்ந்து கடுமையாகச் சிவந்தால், தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். செதிளைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, செலவும் குறைவு.

1927இல் ஆக்டனும் பாஞ்ஜாவும் எழுதிய கட்டுரை, மலசீசியா பற்றி உலகில் இன்று வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. பொடுகு ஷாம்பூ விளம்பரங்களில் கணபதி பாஞ்ஜாவின் பெயர் வருவதில்லை.